வெயில் ஏறுமுன் ஒரு நெருப்பு

அன்புள்ள அண்ணா,

நாங்கள் ஸ்காபறோவில் இருக்கிறோம். யூலைக் கடைசியில் பிள்ளைகளோடு ஊருக்கு வருகிறோம். அப்பாவின் காணி ஒட்டுசுட்டான் பக்கம். பிள்ளைகள் இங்கே கோடை விடுமுறையில் அல்கொன்குயின் பூங்காவில் கூடாரம் அடித்து, விறகு நெருப்பில் பான்கேக்கும் சொசேச்சும் சுட்டுத் தின்று பழகியவர்கள். முத்தையன்கட்டுக் குளத்தடியில் ஒரு இரவு தங்கி, விடிய நெருப்பு மூட்டிச் சமைக்க வேண்டுமென்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். லேசாகச் செய்யக்கூடிய காலைச் சாப்பாடு என்ன? அந்த வெயிலுக்கு வேறு என்ன சாப்பிடலாம்? அம்மாவோ, "மூண்டு கல்லு வைச்சுச் சமைச்சது காணாதே? காசு குடுத்து பிளேன் ஏறிப் போய்த் திரும்பவும் அதைத்தான் செய்யப்போறியளோ?" என்கிறா. அவவுக்கு என்ன சொல்வதென்றும் தெரியவில்லை.

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

குளத்தடியில் தங்குவதை முதலில் மறந்துவிடுங்கோ. முத்தையன்கட்டுப் பக்கம் யானை வரும். குளத்தில் முதலை கிடக்கும்; விடியற்காலை சட்டி கழுவ இறங்குகிற கைக்கு அது நல்லதல்ல. பாலைப்பழக் காலத்தில் கரடியும் பழத்துக்காக மரமேறும். போதாததற்கு, ஒதுக்குக் காட்டில் அனுமதியில்லாமல் நெருப்பு மூட்டுவது சட்டப்படி குற்றம். வனவளத் திணைக்களத்தார் பிடித்தால் கனடாக் கதை எடுபடாது. உங்களுக்குச் சொந்தக் காணி இருக்கிறது. வளவுக்குள் மாமரத்துக்குக் கீழே கூடாரத்தை அடியுங்கோ. பிள்ளைகளுக்குத் தேவை கூடாரமும் நெருப்பும்தான்.

வளவுக்குள்ளும் கண்ட இடத்தில் மூட்ட வேண்டாம். மண்ணுக்குள் மேலாகக் கிடக்கும் போர்க்கால வெடிபொருள் மேலே எரிகிற சூட்டில் வெடிக்கக்கூடும். கண்ணிவெடியைத் தடைசெய்கிற, உங்கள் தலைநகரின் பெயர் கொண்ட ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. கண்ணிவெடிகளை அகற்றி முடிக்க இருக்கிற காலக்கெடு 2028 யூன். அதாவது வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. காணி கனகாலம் சும்மா கிடந்ததென்றால் முதலில் கிராம சேவையாளரிடம் கேளுங்கோ. ஆட்கள் குடியிருந்து, ஏற்கெனவே அடுப்பெரிந்த இடத்திலேயே மூட்டுங்கோ. குசினிக்குப் பின்பக்கம் அப்படி ஒரு கறுத்த மூலை எந்த வளவிலும் இருக்கும். எனக்குத் தெரிந்த சிலர் தார்ப் பீப்பாவைப் பாதியாக வெட்டிக் கல்லின்மேல் தூக்கி வைத்து அதற்குள் எரிக்கிறார்கள். அது இன்னும் நல்லது.

இனி நேரம். அல்கொன்குயினில் விடியக் குளிரும். அந்தக் குளிருக்கு நெருப்பைச் சுற்றியிருந்து பத்து மணிவரை சமைக்கலாம். வன்னியில் யூலை மாதம் எட்டு மணிக்கே முதுகு வேர்த்துவிடும். அதற்குப் பிறகு சோளகக் காற்று எழும்பினால் காய்ந்த சருகுக்கு ஒரு பொறி காணும். ஆகவே நான் சொல்வது இதுதான்: நாளுக்கு ஒரே ஒரு நெருப்பு, அதுவும் வெயில் ஏறுமுன். ஐந்தரைக்கு மூட்டி ஏழரைக்கு அணைத்துவிட வேண்டும். அன்றைக்கு மிச்சம் சாப்பிடுவதெல்லாம் நெருப்பில்லாத சாப்பாடு. கோடைக்கு எங்கடை ஆட்கள் வைத்த ஒழுங்கும் ஏறக்குறைய இதுதான்.

அந்த இரண்டு மணித்தியாலத்துக்கு ரொட்டியை மிஞ்ச ஒன்றுமில்லை. முதல்நாள் இரவே இரண்டு சுண்டு கோதுமை மாவில் உப்பும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் வெட்டிப் போட்டு ஒரு டப்பாவில் மூடி வையுங்கோ. தேங்காயை மட்டும் விடியத் துருவுங்கோ. இரவே துருவினால் இந்தச் சூட்டில் புளித்துப்போகும். ஒரு சுண்டு தேங்காய்ப்பூவை மாவோடு முதலில் வெறுங்கையால் பிசறி, அதன் ஈரம் மாவில் ஏறிய பிறகுதான் தண்ணீர் தெளிக்க வேண்டும். அவசரத்தில் தண்ணீரை முதலே ஊற்றுகிறவர்களின் ரொட்டி செருப்புத் தோலாக வரும். உருண்டை பிடித்து, வாழையிலைத் துண்டில் கையால் தட்டி, இலையோடு தூக்கிக் கல்லில் கவிழ்த்துவிட்டு இலையை உரியுங்கோ. விளிம்பு கனமாகவும் நடு மெலிசாகவும் வந்தால் நடு கருகிவிடும், அதால் நடுவைக் கொஞ்சம் தடிப்பாக விடுங்கோ. பிள்ளைகள் தட்டுவது கோணல்மாணலாக வந்தால் வரட்டும்.

சுடுவது சுவாலையில் அல்ல, தணலில். காவோலையும் பன்னாடையும் பற்றவைக்க, தென்னம் பாளை சுவாலைக்கு, தணலுக்கு ஊமல், அதாவது கிழங்கு எடுத்த பனங்கொட்டையின் காய்ந்த கோது. ஒடியலுக்குக் கிழங்கு கிண்டுகிற வீடு அயலில் இருந்தால் ஒரு கடகம் ஊமல் சும்மாவே தருவார்கள். பற்றக் கொஞ்சம் அடம்பிடிக்கும், பற்றினால் கண்ணாடிபோலச் சிவந்து, புகையில்லாமல் நின்றெரியும். விழுந்து காய்ந்த பாலைக் கொப்பு கிடைத்தால் அதுவும் நல்ல தணல் தரும். பெயர் தெரியாத மரத்தை எரிக்க வேண்டாம். காஞ்சூரை (எட்டி) மரத்துக் குச்சியில் எதையும் குத்திச் சுடக்கூடாது, அது நஞ்சு. நந்திக்கடல் பக்கம் போனால் தில்லை மரம் நிற்கும். அதன் பாலும் புகையும் கண்ணுக்குக் கூடாது.

ரொட்டி சுடுகிற அதே தணலின் ஓரத்தில் செத்தல் மிளகாயைப் போட்டுப் பொரிகிற சத்தம் கேட்டதும் எடுங்கோ. உப்பு, சின்ன வெங்காயம், தேசிக்காய்ப் புளி சேர்த்து இடித்தால் சம்பல். உரல் இல்லாவிட்டால் பேணியின் அடியால் நசித்தாலும் காரியம் நடக்கும். தேங்காய்ப்பூவும் சேர்த்து இடித்தால் அந்தச் சம்பலை மத்தியானத்துக்கு வைக்காதேயுங்கோ. பக்கத்தில் கேத்தில் கொதித்தால் இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்ரீ, கடிக்கப் பனங்கட்டி. சொசேச் கேட்டு அழுகிற பிள்ளைக்கு முல்லைத்தீவுக் கருவாட்டில் ஒரு துண்டைத் தணலில் வாட்டிக் கொடுத்துப் பாருங்கோ. வேண்டாமென்றால் நீங்கள் சாப்பிடலாம்.

இரண்டாம் நாளுக்கு கௌபி. இரவே ஊறப்போட்டு விடிய அவித்து, உப்பும் தேங்காய்ப்பூவும் போட்டால் முடிந்தது. பிட்டு அவியுங்கோ என்று மாமிமார் நிற்பார்கள், கேட்காதேயுங்கோ. மா வறுத்து, குழைத்து, நீத்துப்பெட்டி பானையில் இருக்கும் இடுக்குக்குத் துணி சுற்றி... வெளிநெருப்பில் அது காலைச் சாப்பாடல்ல, தண்டனை.

நெருப்பை அணைத்த பிறகு இருக்கிறது மற்றச் சாப்பாடு. முதல்நாள் இரவு வீட்டுக் குசினியில் மொட்டைக்கறுப்பன் அரிசியில் சோறாக்கி, தண்ணீர் ஊற்றி வைத்தால் மறுநாள் பழஞ்சோறு. தயிர், பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், அந்தச் சுட்ட கருவாடு போட்டுக் குழைத்து, சுற்றியிருக்கிறவர்களின் கையில் உருண்டை உருண்டையாக வையுங்கோ. பதினொரு மணிக்கு அதைச் சாப்பிட்டவர்கள் மூன்று மணிவரை மரத்தடியை விட்டு எழும்பமாட்டார்கள். மோர் வீட்டில் எப்போதும் இருக்கட்டும். தெருவோரம் வெடித்த வெள்ளரிப்பழம் கிடைத்தால் வாங்கிச் சீனி போட்டுச் சாப்பிடுங்கோ. யூலைக் கடைசியில் பாலைப்பழம் முடிகிற தறுவாய். ஒட்டுசுட்டான், மாங்குளம் றோட்டில் இன்னும் வைத்து விற்றால் விடாதேயுங்கோ; பால் உதட்டில் ஒட்டும், பிள்ளைகள் சிரிப்பார்கள். நுங்கு அப்போது முற்றிவிடும், ஆனால் ஓகஸ்டில் பனம்பழம் விழத் தொடங்கும். விடிய நெருப்பு அணைய முன் ஒரு பழத்தை முழுதாகத் தணலில் உருட்டி விடுங்கோ. தோல் கருகி, வாசம் வளவெல்லாம் பரவியதும் எடுத்து, மூக்கைக் கழற்றி, தோலை உரித்து, விதை விதையாகப் பிரித்துச் சப்ப வேண்டியதுதான். பழைய சேட்டுகளைப் போட்டுவிடுங்கோ, மஞ்சள் லேசில் போகாது. மிஞ்சிய பழத்தை இரவில் வெளியே வைக்காதேயுங்கோ. அதற்கும் யானை வரும்.

அம்மா கேட்டது நியாயம். 2008, 2009 போரில் கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால்வரை, பிறகு செட்டிகுளம் முகாமில், தறப்பாளுக்குக் கீழே மூன்று கல் வைத்த சனத்துக்கு வெளியில் எரிகிற அடுப்பு பொழுதுபோக்காகத் தெரியாது. மே மாதத்தில் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பதும் அதை மறக்காமல் இருக்கத்தான். ஆகவே அவவைச் சம்மதிக்க வைக்க ஒன்றும் சொல்லாதேயுங்கோ. அதே நேரம், அவவுக்குத் தெரிந்த மூன்று கல் அது ஒன்று மட்டுமல்ல. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய் மரத்தடியில் சமைத்திருப்பா. ஆவணித் திருவிழாவுக்கு மடு மாதா கோயிலுக்கு உழவு இயந்திரத்தில் பானை சட்டியோடு போகிற சனத்தையும் கண்டிருப்பா. அவற்றைப் பற்றிப் பிள்ளைகள் கேட்டால் சொல்லுவா, கேட்காவிட்டால் விடுங்கோ. வீட்டுக்குள் காஸ் அடுப்பில் அவவுக்குத் தேத்தண்ணி வேறாகப் போட்டுக் கொடுங்கோ. ரொட்டிக்குத் தண்ணீர் கூடிப்போனால் அவ தானாகவே எழும்பி வந்து பேசுவா, அது வேறு கதை.

அணைக்கும்போது மண்ணைப் போட்டு மூடாதேயுங்கோ, ஊமல் தணல் மண்ணுக்குக் கீழே கனநேரம் கிடக்கும், வெறுங்காலோடு ஓடுகிற பிள்ளை மிதித்துவிடும். தண்ணீர் ஊற்றிக் கிண்டி, மறுபடி ஊற்றுங்கோ. கல்லும் தாச்சியும் கேத்திலும் கிளிநொச்சிச் சந்தையிலேயே வாங்கலாம், சுமந்து வர வேண்டாம். கனடாவிலிருந்து சூடு தாங்கும் தோல் கையுறை ஒரு சோடி கொண்டு வாங்கோ. முடிந்தால் எனக்கும் ஒரு சோடி.

அன்புடன்,
அண்ணா