வளைகாப்புக்கு முன்னால் பெயின்ட் அடிக்கலாமா? – டாக்டர் பதில்கள்

கேள்வி: எனக்கு ஏழாம் மாதம், டாக்டர். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போகிறேன். பேரப்பிள்ளை வருகிறதென்று அப்பா வீடு முழுக்க பெயின்ட் அடிக்க ஆள் பேசிவிட்டார். போகலாமா?

பதில்: பழைய பெயின்டைச் சுரண்டப் போகிறார்களா என்று முதலில் அப்பாவிடம் கேளும்மா. புதுப் பெயின்ட் வாடையைவிட எனக்குப் பயம் பழைய பெயின்டின் தூசிதான். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்மை (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) தாண்டக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் எனாமல் அடித்த ஜன்னல் கம்பியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஈயத்தூள் மாவாகப் பறக்கலாம். தாயின் ரத்தத்தில் சேரும் ஈயம் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும். குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அதனால் வேலை முழுதாக முடியட்டும். தரை, ஜன்னல் விளிம்பு, அலமாரித் தட்டு எல்லாவற்றையும் வேறு யாராவது ஈரத்துணியால் இரண்டு மூன்று தடவை துடைக்கட்டும். விளக்குமாறு வேண்டாம், தூசி மறுபடி எழும்பும். அப்புறம் போ.

கேள்வி: மாசமாக இருக்கும்போது வீட்டில் ஆணிகூட அடிக்கக்கூடாது என்கிறார் மாமியார். மூடநம்பிக்கைதானே?

பதில்: ஒரு ஆணியால் ஒன்றும் ஆகாது. ஆனால் மராமத்தே வேண்டாம் என்றால் நான் உங்கள் மாமியார் பக்கம். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் தாய்மார்களைக் கர்ப்பத்திலிருந்தே தொடர்ந்து கவனித்தார்கள். கர்ப்ப காலத்தில் புதுத் தரை போட்ட வீடுகளில், முக்கியமாகப் பசை தடவி பிவிசி என்ற பிளாஸ்டிக் விரிப்பு ஒட்டிய வீடுகளில், முதல் வயதில் குழந்தைகளுக்கு வீசிங் அதிகம் தெரிந்தது. அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. தள்ளிப்போடக்கூடிய வேலையைத் தள்ளிப்போட இது போதும்.

கேள்வி: நாலாம் மாதத்தில் இரண்டு நாள் எமல்ஷன் வாடையிலேயே இருந்துவிட்டேன். தூக்கமே வரவில்லை, டாக்டர்.

பதில்: நிம்மதியாகத் தூங்கும்மா. அதனால் குழந்தைக்குக் கெடுதல் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. பழைய பெயின்டைச் சுரண்டும்போது பக்கத்தில் இருந்திருந்தால் மட்டும் உன் டாக்டரிடம் சொல்; ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பரிசோதிக்கலாம்.

கேள்வி: கரையான் மருந்து?

பதில்: இப்போது வேண்டவே வேண்டாம். அரித்த பலகையை மட்டும் மாற்றுங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் பெயின்டர். குழந்தைக்கு இருபது நாள்தான் ஆகிறது.

பதில்: நல்லவேளை கேட்டாய். வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே சட்டையை மாற்றச் சொல். தலைமுடியிலும் நகக்கண்ணிலும் பட்டித்தூள் ஒட்டியிருக்கும். தலைக்குக் குளித்துவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும். அவர் வேலைத்துணியைக் குழந்தைத் துணியோடு ஊறவைக்காதே.