பழைய கம்ப்யூட்டரில் பாட்டு செய்யலாமா? வாசகர் கேள்விகள்

கேள்வி: நான் பாடுவேன், தம்பி கீபோர்டு வாசிப்பான். வீட்டிலேயே பாட்டு ரெக்கார்டு செய்ய ஆசை. கையில் 30,000 ரூபாய் இருக்கிறது. சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில், "ஐ7 லேப்டாப், தனி கிராபிக்ஸ் கார்டோட, இந்த விலைக்கு வேற எங்கயும் கிடைக்காது" என்று ஒன்றைக் காட்டினார்கள். ஐ7-4600யூ என்று போட்டிருந்தது. வாங்கலாமா? (வாசகர், விழுப்புரம்)

பதில்: வேண்டாம். ஐ7 என்ற இன்டெல் சிப்பின் பெயரில் மயங்காமல், அதற்கு அடுத்து வரும் எண்ணைப் பாருங்கள். 4600-ல் முதலில் நிற்கும் 4தான் தலைமுறை. 2013-ல் வந்த சிப் அது, உள்ளே இரண்டே கோர் (வேலை செய்யும் மூளை). 2017-ல் வந்த ஐ5-8250யூ-வில் நான்கு கோர், 2018-ல் வந்த டெஸ்க்டாப் சிப்பான ஐ5-8500-ல் ஆறு கோர். இந்த ஐ5-கள் அந்த ஐ7-ஐச் சாதாரணமாகத் தாண்டிவிடும். இன்னொன்று, விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். அதற்குக் கீழே எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். கிராபிக்ஸ் கார்டு வீடியோ எடிட்டிங்குக்கும் கேமுக்கும் உதவும், உங்கள் பாட்டுக்கு அது பெரும்பாலும் சும்மாதான் கிடக்கும், அதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தர வேண்டாம்.

பாட்டு வேலையில் கம்ப்யூட்டர் என்ன செய்கிறது என்று புரிந்தால் எதைப் பார்த்து வாங்குவது என்பதும் புரிந்துவிடும். ஒரு விநாடி ஒலியை அது 44,100 துணுக்குகளாக வைத்திருக்கிறது. அவற்றை 128, 256 என்று சின்னச் சின்னக் கட்டுகளாக எடுத்து, எஃபெக்ட் எல்லாம் போட்டு, ஹெட்போனுக்கு அனுப்புகிறது. பஃபர் என்று சொல்வது இந்தக் கட்டைத்தான். 128 துணுக்கு என்றால் ஏறக்குறைய 3 மில்லி விநாடி. அதற்குள் அடுத்த கட்டு தயாராகாவிட்டால் காதில் "டப்" என்று ஒரு வெடிப்பு கேட்கும், சில நேரம் ரெக்கார்டிங்கிலேயே விழுந்துவிடும். அதனால் எப்போதாவது பறக்கிற கம்ப்யூட்டர் நமக்கு உதவாது, ஒரு தடவைகூடத் தாமதிக்காத கம்ப்யூட்டர்தான் வேண்டும். சூடாகி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் மெல்லிய லேப்டாப்கள் இங்கேதான் கவிழ்க்கின்றன.

உங்கள் பணத்துக்கு நான் சொல்வது, அலுவலகங்கள் கழித்துவிட்ட டெஸ்க்டாப். டெல் ஆப்டிபிளெக்ஸ், லெனோவோ திங்க்சென்டர், ஹெச்பி எலைட்டெஸ்க் வரிசைகளில் எட்டாம் தலைமுறை ஐ5 உள்ளதாகத் தேடுங்கள். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் நாள் முழுக்க ஓடுவதற்கென்றே செய்தவை. ரேம் 16 ஜிபி வேண்டும். 8 ஜிபியோடு கிடைத்தால் இன்னொரு 8 போட இடம் காலியாக இருக்கிறதா என்று மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். விண்டோஸும் வாத்தியச் சாம்பிள்களும் (உண்மை வாத்தியங்களை வாசித்துப் பதிந்த ஒலித் துணுக்குகள்) இருக்க 512 ஜிபி எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) போதும், பழைய ஹார்டு டிஸ்க் இருந்தால் முடித்த பாட்டுகளைச் சேமிக்க வைத்துக்கொள்ளலாம்.

கடைக்குப் போகும்போது உங்கள் ஹெட்போனைக் கையோடு கொண்டுபோங்கள். ஒலி தடங்கல் இல்லாமல் ஓடுமா என்று சோதிக்க லேட்டன்சிமான் என்று ஓர் இலவசக் கருவி இருக்கிறது, அதை ஓடவிட்டு, பக்கத்திலேயே பாட்டையும் ஓடவிட்டு, பத்து நிமிடம் பாருங்கள். சிவப்புக் காட்டினால் வைஃபையை அணைத்து இன்னொரு தடவை பாருங்கள். அப்போது சரியாகிவிட்டால் டிரைவர் (ஒரு பாகத்தை இயக்கும் சிறு மென்பொருள்) பிரச்சினைதான், வாங்கலாம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற கருவியில் எஸ்எஸ்டியின் உடல்நிலை தெரியும். எல்லா யுஎஸ்பி ஓட்டையிலும் எதையாவது செருகிப் பாருங்கள். பயோஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரை) போக பாஸ்வேர்டு கேட்டால், அதைக் கடையிலேயே எடுத்துத் தந்தால் ஒழியப் பணம் கொடுக்காதீர்கள்.

அப்புறம், 30,000-ஐ முழுதாகக் கம்ப்யூட்டரில் போட்டுவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்காவது மைக்குக்கும், மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸுக்கும் ஒதுக்கி வையுங்கள். நீங்கள் பாடுகிறவர், உங்கள் குரல் எப்படிப் பதிவாகிறது என்பதை முதலில் முடிவு செய்வது மைக்கும் அந்த அறையும்தான். டெஸ்க்டாப்பின் விசிறிச் சத்தம் மைக்கில் ஏறாமல் பெட்டியை மேஜைக்குக் கீழே, முடிந்தால் மைக்கின் முதுகுப்பக்கம் வையுங்கள்.

கேள்வி: எம்1 மேக்புக் ஏர், 8 ஜிபி, பழையது ஒன்று வருகிறது. பாட்டுக்கு மேக்தான் நல்லது என்கிறார்களே? (வாசகி, கோவை)

பதில்: நல்ல மெஷின். 2020-ல் வந்தது, விசிறியே கிடையாது, பக்கத்தில் வைத்துப் பாடினாலும் சத்தம் வராது. பாட்டு செய்யும் ஆப்பிளின் சாஃப்ட்வேரான கராஜ்பேண்ட் இலவசம். ஆனால் ரேமைப் பிறகு கூட்டவே முடியாது. குரலும் கிட்டாரும் கொஞ்சம் தாளமும் என்றால் 8 ஜிபியில் ஓட்டிவிடலாம். முழு வயலின் குழு, தவில், நாதஸ்வரம் என்று சாம்பிள்களை அடுக்கப் போகிறீர்கள் என்றால் 16 ஜிபி கிடைக்கும்வரை காத்திருங்கள். வாங்குவதற்கு முன் விற்பவர் உங்கள் கண் முன்னாலேயே தன் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, எல்லாவற்றையும் அழித்து, முதலிலிருந்து அமைத்துக் காட்ட வேண்டும். அப்போது ஏதாவது நிறுவனத்தின் பெயரோடு மேலாண்மைத் திரை வந்தால் அது இன்னும் அந்த நிறுவனத்தின் பிடியில் இருக்கிறது என்று பொருள், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பாட்டுக்கு மேக்தான் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. உங்கள் நண்பர்கள் எதில் வேலை செய்கிறார்களோ அதில் நீங்களும் இருந்தால் கற்றுக்கொள்வது எளிது.

கேள்வி: எல்லா மியூசிக் சாஃப்ட்வேரும் இலவசமாகப் போட்டுத் தருகிறேன் என்கிறார் விற்பவர். போட்டுக்கொள்ளலாமா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: வேண்டாம். அது திருட்டு நகல், கூடவே என்ன வைரஸ் வருகிறது என்பதும் தெரியாது. வெறும் விண்டோஸோடு வாங்குங்கள். ரீப்பர் என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேரை 60 நாள் முழு வசதியோடு சோதிக்கலாம், அதற்குள் உங்களுக்கு என்ன தேவை என்று தெரிந்துவிடும்.

கேள்வி: வாங்கியாயிற்று, ஆனால் பாடும்போது என் குரல் ஹெட்போனில் ஒரு கணம் தள்ளிக் கேட்கிறது. கம்ப்யூட்டர் மோசமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: பெரும்பாலும் இல்லை. உங்கள் இன்டர்ஃபேஸ் நிறுவனம் தரும் ஏஎஸ்ஐஓ டிரைவரை (ஒலியைத் தாமதம் குறைத்துக் கொண்டுசெல்லும் டிரைவர்) நிறுவி, சாஃப்ட்வேரில் அதையே தேர்ந்தெடுங்கள். பாடும்போது பஃபரை 128-க்குக் குறையுங்கள், மிக்ஸ் செய்யும்போது 1024-க்கு ஏற்றுங்கள், அப்போது தாமதம் தெரிந்தாலும் பாதகமில்லை. 128-ல் வெடிப்பு வந்தால் 256. அதுவும் ஒத்துவராவிட்டால் இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு பொத்தான் இருக்கிறதா பாருங்கள், அதைப் போட்டால் குரல் கம்ப்யூட்டருக்குள் போய்த் திரும்பாமல் நேரே காதுக்கு வரும். போட்டதும் சாஃப்ட்வேருக்குள் அந்த டிராக்கின் மானிட்டரை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஒரே குரல் இரண்டு தடவை கேட்கும்.