அமுக்கிவிட்ட கைக்கு ஸ்கேன் சாட்சி சொல்லுமா?

சேலத்தில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். கையால் அழுத்தியும் நீவியும் செய்யும் சிகிச்சை தசைக்குள் என்ன செய்கிறது என்பதை, ஒரு ரேடியாலஜிஸ்டுடன் சேர்ந்து அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் அளந்து பார்ப்பது சில ஆண்டுகளாக என் வேலை. வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் கீழே. என்னை டாக்டர் என்று அழைக்க வேண்டாம், அக்கா போதும்.

அம்மாபேட்டைத் தம்பி: அக்கா, அப்பா முப்பது வருடமாகக் குழித்தறியில் உட்காருகிறார், தீராத இடுப்பு வலி. சுளுக்கு எடுப்பவர், "நரம்பு பின்னியிருந்தது, பிரித்துவிட்டேன்" என்றார். ஸ்கேனில் அது தெரியுமா?

நரம்பு பின்னுவதில்லை தம்பி. விரலுக்கடியில் கயிறுபோல் உருண்டு நழுவியது பெரும்பாலும் இறுகிய தசைநார்க்கட்டாக இருக்கும். நம் ஊரில் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணையும் நரம்பு என்கிறோம், ரத்தக் குழாயையும் நரம்பு என்கிறோம். குழப்பத்தில் பாதி அங்கேயே பிறக்கிறது.

ஆனாலும் அந்தப் பெரியவரை முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். ஆட்டுக்கறி கழுவும்போது சதையின் மேல் வழவழப்பான வெள்ளைச் சவ்வு வருமல்லவா? நம் இடுப்பிலும் அப்படித் தசையுறை அடுக்கடுக்காக இருக்கிறது. குனிந்து நிமிரும்போது அந்த அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் ஹெலன் லான்ஜெவின் என்ற ஆய்வாளரின் குழு 121 பேரை மோட்டார் பொருத்திய மேசையில் படுக்கவைத்து, உடலை மெல்ல வளைத்தபடியே ஸ்கேனில் பதிவு செய்து, 2011இல் முடிவை வெளியிட்டது. நாள்பட்ட இடுப்பு வலி உள்ளவர்களிடம் அந்த வழுக்கல் சுமார் 20 சதவீதம் குறைந்திருந்தது. வலிக்குப் பயந்து அசையாமல் இருந்ததால் அடுக்குகள் ஒட்டினவா, ஒட்டியதால்தான் வலித்ததா? அந்த ஆய்வு அதைச் சொல்லாது. உங்கள் அப்பாவுக்கு அமுக்கிவிட்ட பிறகு வழுக்கல் கூடியிருக்கலாம். "பிரித்துவிட்டேன்" என்று அடித்துச் சொல்லத்தான் ஆதாரம் போதாது.

ஐந்து ரோட்டிலிருந்து ஒருவர்: பிசியோதெரபி நிலையத்தில் ஜெல் தடவி ஒரு கருவியால் தேய்க்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றுதானா?

இல்லை. அது சிகிச்சைக் கருவி, 1 அல்லது 3 மெகாஹெர்ட்ஸ் ஒலி, திரையில் படம் எதுவும் வராது. தசையைப் படம் பிடிக்கும் ஸ்கேன் பெரும்பாலும் 5 முதல் 18 மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும். ஜெல் மட்டும்தான் பொது.

கொலுசுப் பட்டறையில் வேலை செய்பவர்: நாளெல்லாம் குனிந்து பற்றவைக்கிறேன். தோள்பட்டையில் கோலிக்குண்டு மாதிரி முடிச்சு. அமுக்கினால் தலைவரை வலி ஏறுகிறது. இது படத்தில் வருமா?

வரலாம். 2009இல் சித்தார்த் சிக்தரும் உடன் ஆய்வாளர்களும் கழுத்து-தோள் தசையில் இப்படிப்பட்ட முடிச்சுகளை ஸ்கேன் செய்தபோது, சுற்றியுள்ள தசையைவிடக் கருமையான நீள்வட்டத் திட்டுகளாகத் தெரிந்தன. வெளியிலிருந்து அதிர்வு கொடுத்துப் பார்த்தபோது அந்த இடம் குறைவாகவே அதிர்ந்தது. அதாவது, விறைப்பு அதிகம்.

ஆனால் தோலில் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் முனையை, அதாவது புரோபைச் சில பாகை சாய்த்துப் பிடித்தாலே ஒழுங்கான தசைநாண்கூடக் கருப்பாகிவிடும். கருமையைக் கண்டதும் முடிச்சு என்று முடிவுகட்டுபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

பிசியோதெரபி மாணவி: அக்கா, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் தசையுறையின் தடிமனை அளந்து ஆய்வேடு எழுதப் போகிறேன். வேறென்ன கவனிக்க வேண்டும்?

உன் கையைக் கவனி. முதல் ஆண்டு நான் பட்ட பாடு இது. சிகிச்சைக்குப் பிறகு தடிமன் அழகாகக் குறைந்திருந்தது. குதித்துக்கொண்டு ரேடியாலஜிஸ்டிடம் காட்டினேன். "நாளைக்குச் சிகிச்சையே கொடுக்காமல் இரண்டு தடவை அள" என்றார். அளந்தேன். அதே அளவு குறைந்தது! இரண்டாவது தடவை நான் புரோபைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்திருக்கிறேன். மென்திசுவை அமுக்கினால் மெலியத்தானே செய்யும்? ஒரு மாத அளவீடு குப்பைக்குப் போனது.

ஆகவே ஜெல்லை நிறைய வை, புரோப் தோலின்மேல் மிதக்கட்டும். இடத்தைத் தோலில் மையால் குறித்துக்கொள். ஒவ்வொரு இடத்தையும் மூன்று தடவை அள. சிகிச்சை கொடுப்பவர் வேறு, அளப்பவர் வேறு. முன் எது, பின் எது என்பது அளப்பவருக்குத் தெரியவே கூடாது. இருபது நிமிடம் சும்மா குப்புறப் படுத்தாலே தசை தளரும் என்பதால், அப்படிப் படுத்து எழும் ஒரு குழுவும் வேண்டும். 10 மெகாஹெர்ட்ஸில் ஒலியலையின் நீளமே உடலுக்குள் சுமார் 0.15 மில்லிமீட்டர். அதற்கும் குறைவான மாற்றத்தைக் கண்டுபிடித்ததாக எழுதிவிடாதே.

அம்மாபேட்டைத் தம்பி மறுபடியும்: எலாஸ்டோகிராபி என்று ஒன்று இருக்கிறதாமே?

உங்களுக்குச் சுலபமாகப் புரியும். தறியில் பாவு தளர்ந்திருக்கும்போது நூலைச் சுண்டினால் அதிர்வு மந்தமாகப் போகும், இழுத்துக் கட்டியிருந்தால் சரேலென்று ஓடும். ஸ்கேன் கருவி தசைக்குள் சின்ன உந்துதல் கொடுத்து, அலை ஓடும் வேகத்தை அளக்கிறது. விறைப்பு கூடினால் வேகமும் கூடும். கை சொல்லும் "இறுக்கம்" எண்ணாக மாறுவது இதில்தான். ஆனால் நோயாளி பயத்தில் தசையைக் கொஞ்சம் இறுக்கினாலும் அந்த எண் ஏறிவிடும்.

சித்த மருத்துவம் படிப்பவர்: எங்கள் முறையில் கையால் செய்யும் சிகிச்சையான தொக்கணத்தில் தட்டல், இறுக்கல், முறுக்கல் என ஒன்பது வகை உண்டு. இவற்றை இப்படி ஒப்பிடலாமா?

தாராளமாக. எவ்வளவு அழுத்தம், எத்தனை நிமிடம் என்று முதலில் எழுதிவையுங்கள். எண்ணெய்ச் சூட்டையும் ஒரே அளவில் வையுங்கள். இல்லையேல் சூடு செய்த வேலைக்குக் கை பெயர் வாங்கிக்கொள்ளும்.

குகையிலிருந்து ஒருவர்: இவ்வளவு பேசுகிறீர்கள், கிளினிக்கிலேயே ஒரு ஸ்கேன் வாங்கி வைத்தால் என்ன?

சட்டம் விடாது. கருவில் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, முதுகை மட்டுமே பார்க்கும் கருவியானாலும் பதிவு வேண்டும், தகுதி பெற்ற மருத்துவர்தான் இயக்க வேண்டும். எனக்கு இடைஞ்சல்தான், முணுமுணுப்பதும் உண்டு. ஆனால் பெண்சிசுக் கொலையைத் தடுக்க 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியதே இந்தச் சேலத்தில்தான். அது தெரிந்தவர்கள் இந்தக் கெடுபிடியைக் குறை சொல்ல முடியாது.

ஏற்காட்டிலிருந்து ஒரு அம்மா: காப்பிப் பழம் பறிக்கச் சரிவில் ஏறி இறங்குகிறேன். காலையில் முதல் அடி வைத்ததும் குதிகால் குத்துகிறது. அமுக்கிவிட்டால் உள்ளே இருக்கும் சவ்வு நீளுமா? ஸ்கேனுக்குச் சேலம் வர வேண்டுமா?

நீளாது அம்மா. உள்ளங்கால் சவ்வை ஒரு சதவீதம் உருமாற்றவே மனிதக் கைக்கு எட்டாத விசை தேவை என்று 2008இல் சௌத்ரி குழு கணக்குப் போட்டுக் காட்டியது. அமுக்கினால் இதமாக இருப்பது உண்மை. அது நரம்பு மண்டலம் வலியை அடக்குவதால் வரும் இதமாக இருக்கலாம். ஸ்கேனில் அந்தச் சவ்வு 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் தடித்திருக்கிறது என்போம். அது தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் நீங்கள் செய்யப்போவது இதேதான்: தேய்ந்த செருப்பை மாற்றுங்கள், படியில் முன்பாதத்தை வைத்துக் கெண்டைக்கால் சதையைத் தினமும் நீட்டுங்கள், வெறுங்காலில் நடக்காதீர்கள். அதற்காக இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்க வேண்டாம். கால் மரத்தாலோ, வீங்கினாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.