கட்டிப்போட்ட கப்பல்

கேள்வி: அமெரிக்காவின் சியாட்டிலில் இருந்த 'வவோனா' என்ற பழைய பாய்மரக் கப்பலை 2009இல் பிரித்துப் போட்டுவிட்டார்களாம். அலாஸ்காவுக்கு மேற்கே இருக்கும் பேரிங் கடலின் புயலையே தாங்கிய கப்பல், சும்மா நின்ற இடத்தில் எப்படி உளுத்துப்போகும்?

பதில்: சும்மா நின்றதால்தான் உளுத்தது. மரக்கப்பலுக்குப் புயலைவிட மழைத்தண்ணீர் ஆபத்து. மரத்தை மக்கவைக்கும் பூஞ்சைக்கு ஈரமும் காற்றும் வேண்டும், உப்பு ஆகாது. அதனால் தண்ணீருக்குள் இருக்கும் பலகைகூட ஓரளவு தப்பிவிடும். மேல்தளத்து இடுக்குகளில் மழை இறங்கி உள்ளே மரச்சட்டங்களில் தங்கிவிட்டால் வினை ஆரம்பம்.

வவோனா 1897இல் கலிபோர்னியாவின் ஹம்போல்ட் விரிகுடாவில் கட்டிய மூன்று பாய்மரம் கொண்ட ஸ்கூனர் வகைக் கப்பல், 165 அடி நீளம். முதலில் மேற்குக் கரையோரம் அறுத்த மரம் ஏற்றியது. 1914இலிருந்து பேரிங் கடலில் காட் மீன் பிடிக்கும் வேலை. ஆளுக்கொரு சிறு தோணியில் தனியாக இறங்கி, கையாலேயே தூண்டில் கயிற்றை இழுத்து, பிடித்ததைக் கப்பலுக்குக் கொண்டுவந்து வெட்டி, உப்புப் போட்டு அடியறையில் அடுக்குவார்கள். அந்த உப்பு மீனோடு சேர்த்துக் கப்பலையும் பதப்படுத்தியது! போதாததற்கு, ஓடுகிற கப்பல் என்றால் ஒழுகும் இடத்தை உடனே அடைத்தாக வேண்டும், இல்லையென்றால் உயிர் போகும். நடுவில் இரண்டாம் உலகப்போரில் ராணுவம் அதைச் சரக்குப் படகாக வைத்திருந்தது, அப்புறம் மறுபடி மீன்பிடி, 1947இல் ஓய்வு.

1964இல் சியாட்டில் மக்கள் நிதி திரட்டி வாங்கினார்கள். நல்ல மனசுதான், ஆனால் பிற்பாடு கட்டிப்போட்டது அந்த ஊர் யூனியன் ஏரியில். நன்னீர் என்பதால் மரம் துளைக்கும் கப்பல்புழு அங்கே பிழைக்காது, சரி. உப்பும் கிடையாதே, மேலே வருஷத்தில் பாதி நாள் தூறல் வேறு.

கேள்வி: காப்பாற்றியிருக்கவே முடியாதா?

பதில்: முடிந்திருக்கும், பணம் இருந்திருந்தால். வவோனாவைக் கட்டிய பெண்டிக்சனே 1895இல் கட்டிய 'சி. ஏ. தேயர்' என்ற கப்பல் இன்றும் சான்பிரான்சிஸ்கோவில் மிதக்கிறது, ஏனென்றால் அது அமெரிக்க தேசியப் பூங்காத் துறையின் கையில் இருக்கிறது. அதிலும் பெரும்பகுதி மரத்தை மாற்ற வேண்டியிருந்தது. 'அப்படியானால் அது பழைய கப்பலா?' என்று கேட்பவர்கள் உண்டு. ஓடிய காலத்திலும் பலகை மாற்றித்தான் ஓட்டினார்கள், எனக்கு அதில் குறை தெரியவில்லை. வவோனாவுக்கோ அரசுக் கை இல்லை, தன்னார்வலர்களின் நன்கொடை மட்டும்தான். கூரை போட்டு மூடும் வேலையை முதல் வருஷமே செய்திருக்க வேண்டும். பிரித்ததில் தேறிய மரத்தைக் கொண்டு சிற்பி ஜான் கிரேடு செய்த உயரமான சிற்பம் சியாட்டில் வரலாற்று அருங்காட்சியகத்தில் நிற்கிறது.