ஹோம்ஸுக்குப் பாசம் இல்லை என்று யார் சொன்னது?

கேள்வி: ஷெர்லாக் ஹோம்ஸுக்கு ஆட்டிசம் இருந்தது, அதனால்தான் அவருக்கு மனிதர்கள் மேல் பாசம் கிடையாது, மூளை மட்டும் அபாரமாக வேலை செய்தது என்று ஒரு கட்டுரையில் படித்தேன். என் அக்கா மகனுக்கு 12 வயது, ஆட்டிசம். மதுரையிலிருந்து சென்னை வரை எந்த ரயில் எங்கே எத்தனை மணிக்கு நிற்கும் என்று ஒப்பிப்பான். யார் முகத்தையும் பார்த்துப் பேச மாட்டான். உறவுக்காரர்கள் ‘பாசமே இல்லாத பிள்ளை’ என்கிறார்கள். அவனும் ஒரு ஹோம்ஸாக வருவானா?
— ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்: அந்தப் ‘பாசம் இல்லை’ என்ற பேச்சைத்தான் முதலில் எடுக்க வேண்டும். ஹோம்ஸ் விஷயத்தில் அது தவறு. உங்கள் அக்கா மகன் விஷயத்தில் தவறு மட்டுமல்ல, அநியாயமும்கூட.

‘தி ஸ்பெக்கில்ட் பேண்ட்’ கதையை எடுத்துப் பாருங்கள். 1892-ல் வந்தது. விடியற்காலையில் முகத்திரை போட்ட ஒரு பெண் நடுங்கிக்கொண்டே ஹோம்ஸ் வீட்டுக்கு வருகிறாள். அவர் அவளைக் கணப்புக்குப் பக்கத்தில் உட்காரச் சொல்கிறார், சூடாகக் காபி கொண்டுவரச் சொல்கிறேன் என்கிறார். குளிரால் நடுங்கவில்லை, பயத்தால் நடுங்குகிறேன் என்கிறாள் அவள். பயப்படாதீர்கள் என்று அவள் கையைத் தட்டிக்கொடுக்கிறார். அவள் தன் மாற்றாந்தகப்பனைப் பற்றிச் சொல்லி முடித்ததும், அவள் கையை மூடியிருந்த கறுப்பு லேஸை மெல்ல ஒதுக்குகிறார். மணிக்கட்டில் ஐந்து கன்றிய தடம். நான்கு விரல், ஒரு கட்டைவிரல். உங்களைக் கொடுமைப்படுத்தியிருக்கிறார்கள் என்கிறார். அவள் முகம் சிவந்து கையை மூடிக்கொள்கிறாள். அப்புறம் ஹோம்ஸ் என்ன செய்கிறார் தெரியுமா? மோவாயைக் கையில் தாங்கிக்கொண்டு, நெடுநேரம் பேசாமல் நெருப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ‘அடடா’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த நேரத்தில் உங்கள் உறவுக்காரர் யாராவது அறைக்குள் வந்திருந்தால் கல்நெஞ்சன் என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் அவள் சொல்லாமல் மறைத்த காயத்தை அந்த வீட்டில் கண்டுபிடித்தது அந்தக் கல்நெஞ்சன் ஒருவன்தான்.

ஹோம்ஸுக்கு ஆட்டிசம் ‘இருந்தது’ என்று தீர்ப்புச் சொல்வதிலும் எனக்குச் சம்மதம் இல்லை. ஹோம்ஸ் கதைகளை எழுதிய கானன் டாயில் 1930-ல் இறந்துவிட்டார். மனநல மருத்துவர் லியோ கேனர் 11 குழந்தைகளைக் கவனித்து ஆட்டிசம் பற்றி எழுதியது 1943-ல். டாயிலின் மனதில் இருந்தது எடின்பரோவில் அவருக்கு மருத்துவம் சொல்லிக்கொடுத்த ஜோசப் பெல். நோயாளியைப் பார்த்த மாத்திரத்தில் அவர் தொழிலைச் சொல்லிவிடும் வாத்தியார். கதாபாத்திரத்துக்கு ரத்தப் பரிசோதனை எடுக்க முடியாது, ஆட்டிசப் பரிசோதனையும் செய்ய முடியாது. ஆனால் ஆட்டிசம் உள்ள ஒருவர் ஹோம்ஸைப் படித்து ‘இது நான்தான்’ என்றால், அதை மறுக்க நமக்கு எந்த உரிமையும் இல்லை. முன்னது நோய்க்கணிப்பு, பின்னது வாசிப்பு.

அந்த வாசிப்பை நான் மதிப்பதற்குக் காரணம் ஹோம்ஸின் நண்பரும் கதைசொல்லியுமான வாட்சன். ஆட்டிசம் உள்ளவரான டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர் 2012-ல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர் மனம் புரிவதில்லை என்று ஒரு பக்கமாகவே பேசுகிறோம், மற்றவர்களுக்கும் அவர் மனம் புரிவதில்லையே, புரியாமை இரு பக்கமும் அல்லவா இருக்கிறது என்றார். வாட்சன் வருஷக்கணக்காக ஹோம்ஸோடு பழகியவர், ஹோம்ஸைக் கணக்குப் போடும் இயந்திரம் என்று எழுதியவரும் அவரே. 1924-ல் வந்த ‘தி த்ரீ கேரிடெப்ஸ்’ கதையில் வாட்சன் தொடையில் குண்டு படுகிறது. ஹோம்ஸின் உதடு துடிக்கிறது, கண் கலங்குகிறது. இதைப் பார்ப்பதற்கு ஒரு காயமென்ன, எத்தனை காயமும் படலாம் என்று வாட்சன் எழுதுகிறார். அந்தப் பாசம் அன்றைக்குப் புதிதாக முளைத்ததில்லை. வாட்சன் கண்ணில் அன்றைக்குத்தான் பட்டது.

இதற்காக ஹோம்ஸை உத்தமராக்க வேண்டியதும் இல்லை. ‘சார்லஸ் அகஸ்டஸ் மில்வெர்டன்’ கதையில் துப்புத் துலக்குவதற்காக ஒரு வேலைக்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்வதாகச் சொல்லி ஏமாற்றுகிறார். வாட்சனே பதறிப்போகிறார். இதற்கு மூளையின் அமைப்பைக் காரணம் காட்டாதீர்கள். எல்லோரோடும் கலகலப்பாகப் பேசுகிறவர்களும் இதைச் செய்கிறார்கள். இது மனித சுபாவம்.

என்னை மிகவும் கவர்ந்தது 1893-ல் வந்த ‘தி கிரீக் இன்டர்ப்ரெட்டர்’. ஹோம்ஸின் அண்ணன் மைக்ராஃப்ட் உறுப்பினராக இருக்கும் டயோஜீனஸ் கிளப் அதில் வருகிறது. கூச்சத்தாலோ மனிதர்களைப் பிடிக்காததாலோ ஒதுங்கி இருப்பவர்களுக்கான கிளப். சாய்வு நாற்காலி உண்டு, புதிய பத்திரிகைகள் உண்டு. ஒருவரை ஒருவர் கண்டுகொள்ளவே கூடாது. விருந்தினர் அறையைத் தவிர வேறெங்கும் பேசக் கூடாது. மூன்று முறை பேசி மாட்டிக்கொண்டால் வெளியேற்றிவிடலாம். அங்கே போனால் மனசுக்கு இதமாக இருக்கிறது என்கிறார் ஹோம்ஸ். அந்த வாசலைத் தாண்டி உள்ளே போய்விட்டால் நம் கல்யாண வீட்டில் ‘பிள்ளை பேசவே மாட்டேங்கிறானே’ என்று கேட்கிறவர்தான் குறையுள்ளவர். ஆள் மாறவில்லை, சட்டம் மாறியிருக்கிறது. மூளைகள் பலவிதம், ஒரு விதத்துக்காக மட்டும் உலகத்தைக் கட்டி வைத்திருக்கிறோம் என்று நியூரோடைவர்சிட்டி பேசுகிறவர்கள் 1990-களிலிருந்து சொல்லி வருவதும் இதைத்தான்.

ஆனால் இந்தக் கதைகளிடம் எனக்கு ஒரு சண்டை உண்டு. அகதா கிறிஸ்டியின் முதல் நாவலில், 1920-ல், துப்பறிவாளர் பொய்ரோ கணப்பு மாடத்து மேலிருந்த சாமான்களைக் கை நடுங்க நேராக்கி வைக்கிறார். கோணலாக எது இருந்தாலும் அவருக்குப் பொறுக்காது. பிற்பாடு நண்பர் ஹேஸ்டிங்ஸ் அதை யதேச்சையாக நினைவுபடுத்த, பொய்ரோவுக்குப் பொறி தட்டுகிறது: அதே நாள் காலையிலும் அவற்றை நேராக்கி வைத்தோமே, நடுவில் யார் தொட்டது? அந்த இடத்திலிருந்துதான் முக்கியமான கடிதம் கிடைக்கிறது. அருமையான கட்டம். ஆனாலும் கேட்கிறேன், கொலைகாரனைப் பிடித்துக் கொடுத்தால்தான் ஒருவரின் பழக்கத்தைப் பொறுத்துக்கொள்வோமா? துப்பு எதுவும் கிடைக்காத நாளிலும் அவர் ஜாடியை நேராக வைத்துவிட்டுப் போகட்டுமே.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அவன் ஹோம்ஸாக வர வேண்டியதில்லை. எதிலும் மேதையாகாமல் போனாலும், ரயில் நேரத்தைச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்படும் பிள்ளையாக அவன் அந்த வீட்டில் இருக்கலாம். இதை உறவுக்காரர்களிடம் நீங்களே உடைத்துச் சொல்லுங்கள், அக்காவைச் சொல்ல வைக்காதீர்கள்.

அவனோடு ஒரு கதை படிக்க ஆசை என்றால் ‘சில்வர் பிளேஸ்’ எடுங்கள், ஆரம்பமே அவனுக்குப் பிடிக்கும். எக்ஸீட்டர் போகும் ரயிலில் ஹோம்ஸ் ஜன்னல் வழியே பார்த்து, கடிகாரத்தையும் பார்த்து, மணிக்கு ஐம்பத்து மூன்றரை மைல் வேகத்தில் போகிறோம் என்கிறார். தந்திக் கம்பங்கள் 60 கஜத்துக்கு ஒன்றாக நட்டிருக்கின்றன, அதை வைத்துப் போட்ட கணக்கு. நான் போட்டுப் பார்த்தேன், நிமிஷத்துக்கு 26 கம்பம் வருகிறது. சரியா என்று அவனைக் கேட்டு எனக்கு எழுதுங்கள்.