பார்க்கின்சன் நோயில் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு என்ன வேலை?

கை நடுக்கத்துக்கும் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று பலரும் கேட்கிறார்கள்.

பார்க்கின்சனில், நடுமூளையில், உடல் அசைவுக்குத் தேவையான டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் மெல்ல மெல்லச் சாகின்றன. நடுக்கம் தெரியவரும்போதே கணிசமான பங்கு போயிருக்கும். அந்தச் செல்களுக்குள் ஆல்ஃபா-சைநியூக்ளின் என்ற புரதம் தப்பாக மடிந்து திரள்திரளாகச் சேர்கிறது. மூளையின் நோய் எதிர்ப்புச் செல்களும் துப்புரவுப் பணியாளர்களுமான மைக்ரோகிளியா செல்கள் அதை அள்ள வருகின்றன. வந்தவை வேலை முடிந்தும் ஓயாமல் அழற்சியைக் கிளப்பி, நல்ல செல்களையும் கெடுக்கின்றன. அடுப்படியில் பிடித்த சின்னத் தீயை அணைக்கக் குழாயைத் திறந்துவிட்டு, மூட மறந்தால் எப்படி? தீயைவிடத் தண்ணீர்தான் வீட்டை நாசமாக்கும்.

புரதத் திரளை ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தால் பிடித்து அகற்றுவது ஒரு வழி. சொல்வது சுலபம். இப்படிப்பட்ட இரண்டு ஆன்டிபாடி மருந்துகளின் சோதனை முடிவுகள் 2022இல் வெளியாயின. சின்பனமேப் பலன் தரவில்லை. பிரசினெசுமேப் முதன்மை இலக்கை எட்டவில்லை, ஆனாலும் கைவிடப்படவில்லை. இன்னொரு வழி குழாயை மூடுவது: நோய் எதிர்ப்பு மண்டலத்தின் டி-செல்களில் அழற்சியை அடக்கும் ஒருவகையைப் பெருக்குவது. எனக்கு இதில்தான் ஆர்வம் கூடுதல்.

"அப்படியானால் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் மாத்திரை போதுமே" என்று நினைக்க வேண்டாம். ஏற்கெனவே மிகையாகப் பொங்குவதை மேலும் கூட்டுவது இந்தச் சிகிச்சைகளின் நோக்கமே அல்ல.