ஆம்ப் வாங்குறதுக்கு முன்னாடி பேலன்ஸைத் திருப்பிப் பாருங்க

அண்ணாச்சி, காரின் முன்கதவில் புது ஸ்பீக்கர் போட்டதும் பாதிச் சத்தத்துக்கு மேல் கரகரக்கிறது, பாளையங்கோட்டைக் கடையில் ஆம்ப் (ஸ்பீக்கருக்குக் கூடுதல் பவர் கொடுக்கிற ஆம்ப்ளிஃபயர்) வாங்கச் சொல்கிறார்கள் என்கிறீர்கள். அதற்குள் பணத்தைக் கொட்டாதீர்கள். ஸ்டீரியோவில் பேலன்ஸை முழுக்க வலப்பக்கம், அப்புறம் இடப்பக்கம் தள்ளிக் கேளுங்கள். ஒரு பக்கம் மட்டும் கரகரத்தால் கோளாறு அந்தக் கதவில்தான்: டோர் பேடை (கதவின் உள்பக்க மூடியை) கழற்றி, ஒயர்ப் பிரி ஏதும் தகரத்தைத் தொடுகிறதா என்று பாருங்கள், ஸ்க்ரூவை ஒரே பக்கமாக இழுத்து முறுக்கியிருந்தால் ஸ்பீக்கர் கூடு கோணி உள்ளே இருக்கிற கம்பிச்சுருள் (காயில்) உரசும், விரல்களைப் பரப்பிக் கோனை (முன்னால் தெரிகிற கூம்பை) மெதுவாக அமுக்கினாலே அந்த நறநறப்பு கையில் தெரியும்.

ரெண்டு பக்கமும் என்றால் ஸ்டீரியோ திணறுகிறது. அதன் டப்பாவில் போட்டிருக்கும் 50 வாட் உச்சக்கணக்கு, தொடர்ந்து கிடைப்பது பெரும்பாலும் 15-20 வாட்தான். பேஸ் பூஸ்ட், லவுட்னஸ் ரெண்டையும் அணைத்துவிட்டு, ஆழமான பேஸை வடிகட்டுகிற ஹை பாஸ் ஃபில்டர் இருந்தால் 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். கோயில் கொடைக்குக் கட்டுகிற பாக்ஸ் மாதிரி ஆறு இஞ்ச் ஸ்பீக்கர் அதிரணும் என்றால் அது எங்கே போகும்!

கரகரப்பு போயும் பேஸ் செத்துக் கிடந்தால், ஒரு ஸ்பீக்கரில் பிளஸ் மைனஸ் ஒயர் மாறியிருக்கலாம், மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். இத்தனைக்கும் சரியாகவில்லை என்றால் ஆம்ப் பற்றி யோசிக்கலாம்.